ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷ்: 11 ஆண்டுகள் பாடிய குரல் உருவான விதம்

மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில், வழி தவறி வந்த இளவரசன் தமீனோவின் கையில் மூன்று பெண்கள் ஒரு படத்தைக் கொடுக்கிறார்கள். பமீனா என்ற பெண்ணின் படம். அவளை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. படத்தைப் பார்த்தபடியே பாட ஆரம்பிக்கிறான். வாத்தியங்கள் ரொம்பச் சுருக்கமாக அடியெடுத்துக் கொடுக்கின்றன. உடனே குரல் கீழே பஞ்சமத்திலிருந்து மேலே காந்தாரத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிறது. "தீஸ் பில்ட்னிஸ்", அதாவது "இந்தப் படம்", இவ்வளவுதான் சொற்கள். ஆனால் டெனர் பாடகர்களுக்கு, அதாவது மேல் ஸ்தாயி ஆண் குரல்காரர்களுக்கு, இது வயிற்றைக் கலக்கும் இடம். ஆண் குரல் மேலே ஏறும்போது நெஞ்சுக் குரல் தலைக் குரலாக மாறுகிற எல்லை ஒன்று உண்டு. அந்தக் காந்தாரம் சரியாக அந்த எல்லையில்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு அங்கே வருவது 'இ' என்ற ஒடுங்கிய உயிர். தொண்டை கொஞ்சம் இறுகினாலும் குரல் கீச்சென்று போய்விடும். கொஞ்சம் தளர்ந்தால் காற்றாகிவிடும். கச்சேரி தொடங்கிக் குரல் பதமான பிறகு வருகிற சோதனையும் இல்லை இது. முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

1964ல் பெர்லினில் கார்ல் போம் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஒலிப்பதிவில் அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள். தமீனோவாகப் பாடுகிறவர் ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷ். அப்போது அவருக்கு வயது 33. தாவல் என்ற ஒன்று நடந்ததே தெரியாது. கீழே இருந்த அதே கனமும் அதே நிறமும் மேலேயும் அப்படியே இருக்கின்றன. பாட்டின் பின்பகுதியில் இன்னொரு இடம் உண்டு. "அவளை நேரில் கண்டால் நான் என்ன செய்வேன்?" என்று தமீனோ தன்னையே கேட்டுக்கொள்கிறான். அதற்கடுத்த ஒரு முழுத் தாளக்கட்டுக்கு மோட்சார்ட் எதையும் எழுதவில்லை. பாட்டு இல்லை, வாத்தியமும் இல்லை, வெறும் மௌனம். பதில் அதன் பிறகுதான் வருகிறது. பல பாடகர்கள் அந்த மௌனத்தில் மூச்சு வாங்குவது மட்டுமே நமக்குக் கேட்கும். வுண்டர்லிஷ் பாடும்போது அந்த இளைஞன் உண்மையிலேயே யோசிக்கிறான் என்று எனக்குத் தோன்றும். எத்தனை முறை கேட்டாலும் அப்படித்தான்.

அந்தப் பதிவு முடிந்து இரண்டே ஆண்டுகளில், 36ஆவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அவர் இறந்துபோனார். 1955ல் மேடையேறி 1966ல் முடிந்த பயணம் அது. வெறும் 11 ஆண்டுகள். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் டெனர் பாடகர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அவர் பெயர் முன்வரிசையில் வந்துவிடுகிறது. இதற்கு ஜெர்மனியிலும் வெளியிலும் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: பிறவிக் குரல், இயற்கை கொடுத்த வரம். தொண்டை பிறவியில் வந்ததுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவர் வாழ்க்கையை முடித்துவிடுவது அவருக்குச் செய்கிற அநியாயம் என்று நினைக்கிறேன். அந்தக் குரலுக்குப் பின்னால் ஏழ்மையும் ஒரு ஹார்ன் வாத்தியமும் கிராமத்து நடன மண்டபங்களும் இருந்தன. மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்துக்கொள்ளும் நாடக அரங்குகளும், ஓயாமல் பதிவு செய்துகொண்டே இருந்த வானொலி நிலையங்களும் இருந்தன. இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் நமக்கு இந்தக் குரல் இப்படிக் கிடைத்திருக்காது.

அவர் பிறந்தது 1930 செப்டம்பர் 26 அன்று, கூஸெல் என்ற சிற்றூரில். ஜெர்மனியின் தென்மேற்கில் ஃபால்ஸ் என்ற பகுதியின் மேற்கு ஓரம் அது. மேடும் பள்ளமுமான நிலம். விளைச்சல் போதாது, வேலையும் போதாது. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்களின் ஆண்கள் பிழைப்புக்குக் கண்டுபிடித்த வழி அபூர்வமானது. வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியூர் கிளம்பினார்கள். சர்க்கஸ் கூடாரங்களிலும் கப்பல்களிலும் நீராடும் விடுதிகளிலும் வாசித்தார்கள். ஐரோப்பாவைத் தாண்டி அமெரிக்கா வரைக்கும் போனார்கள். குளிர்காலத்தில் ஊர் திரும்பி, வீடு கட்டினார்கள், பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் செய்த தொழில் இது. முதல் உலகப் போர் வந்து அதை முடித்துவைத்தது. அந்த வட்டாரத்துக்கு இன்றும் 'இசைக்காரர் நாடு' என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. கூஸெலுக்குப் பக்கத்திலுள்ள லிஷ்டன்பெர்க் கோட்டையில் அவர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. இந்த இசைக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. ஒருவனுக்கு ஒரு வாத்தியம் தெரிந்தால் போதாது. திறந்தவெளியில் ஊத ஒன்று, மண்டபத்துக்குள் வாசிக்க நரம்பு வாத்தியம் ஒன்று, குறைந்தது இரண்டு வாத்தியமாவது தெரிய வேண்டும். இசை அங்கே கலை என்பதற்கு முன்பு கூலி வேலை.

வுண்டர்லிஷின் பெற்றோரும் இசைக்காரர்கள்தான். அப்பா பாடகர் குழுக்களை நடத்தியவர், அம்மா வயலின் கலைஞர். கொஞ்ச காலம் ஊரில் ஒரு சத்திரமும் நடத்தினார்கள். பிறகு நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். உள்ளூர் நாஜிகளின் நெருக்கடியால் அப்பாவுக்கு வேலை போயிற்று. போரில் பட்ட பழைய காயம் ஏற்கெனவே அவரை வாட்டிக்கொண்டிருந்தது. மகனுக்கு ஐந்து வயதாகும்போது அவர் தற்கொலை செய்துகொண்டார். அதன்பின் குடும்பத்தைத் தாங்கியது அம்மாவின் வயலினும் அவர் சொல்லிக்கொடுத்த இசைப் பாடங்களும்தான். பையன் அக்கார்டியன் கற்றுக்கொண்டார், டிரம்பெட் ஊதினார், ஹார்ன் ஊதினார். போருக்குப் பிறகான அந்த வருடங்களில் ஜெர்மனியில் சாப்பாடே பெரிய விஷயம். ஊரூராக நடன நிகழ்ச்சிகளுக்கு வாசித்துப் பணமோ பண்டமோ கொண்டுவந்தார். பேக்கரியில் வேலையும் பார்த்தார். அங்கே பாடிக்கொண்டே வேலை செய்வதைக் கேட்ட அக்கம்பக்கத்தார்தான் "நீ முறையாகப் படிக்க வேண்டும்" என்று தூண்டினார்களாம்.

உதவித்தொகை கிடைத்தது. 1950ல் ஃப்ரைபுர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே எனக்கு முக்கியமாகப் படும் செய்தி, அவர் குரலோடு ஹார்னையும் அங்கே படித்தார் என்பது. ஹார்ன் கலைஞர்கள் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வாத்தியத்தின் குழாய் நீளமானது, வாய் வைக்கும் முனை சிறியது. மேல் ஸ்தாயியில் ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கமாக இருக்கும். அங்கே விரலை மட்டும் நம்பி ஸ்வரத்தைப் பிடிக்க முடியாது. ஊதுவதற்கு முன்பே அந்த ஸ்வரம் மனதுக்குள் துல்லியமாக ஒலித்திருக்க வேண்டும், உதடும் மூச்சும் அதற்குத் தயாராகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து ஸ்வரம் வந்து மானத்தை வாங்கிவிடும். அப்புறம் மூச்சு. விலாவைத் திறந்து, வயிற்றுத் தசைகளால் காற்றைச் சிறுகச் சிறுக விடுகிற கட்டுப்பாடு இல்லாமல் ஹார்னில் ஒரு நீண்ட வாக்கியத்தை இழுக்க முடியாது. 'தீஸ் பில்ட்னிஸ்' தாவலை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போகிற ஸ்வரம் முதலிலேயே தெரிந்திருக்கிறது, மூச்சு அங்கே காத்திருக்கிறது. அது பிறவியில் வந்ததல்ல, ஊதி ஊதி வந்தது.

குரலில் அவருடைய ஆசிரியை மார்கரெட்டா ஃபொன் வின்டர்ஃபெல்ட். ஐந்து வருடம் அவரிடம்தான் படிப்பு. 1954ல் கல்லூரி மேடையேற்றிய 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் தமீனோவாகப் பாடினார். பகலில் இப்படி, ராத்திரியில் நடன இசைக் குழு. படிப்புச் செலவை அதில்தான் ஈடுகட்டினார். ஃப்ரைபுர்க்கில் வானொலி நிலையத்தின் கிளை ஒன்றும் இருந்தது. அங்கே மெல்லிசைப் பாட்டுகள் பாடிப் பதிவு செய்தார். அந்தக் காலத்து சினிமாப் பாட்டுச் சாயலிலுள்ள சின்னச் சின்ன காதல் பாட்டுகள் அவை. இன்று குறுந்தகடாகவே கிடைக்கின்றன. மோட்சார்ட் ரசிகர்கள் சிலர் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அவை ரொம்பப் பிடிக்கும். மைக்குக்கு அருகில் நின்று ஒரு சொல்லை லேசாகச் சொல்லக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஓபரா பாடும்போதும் அவருடைய ஜெர்மன் உச்சரிப்பு பேச்சுபோலத் தெளிவாக இருப்பதற்கு அந்த மெல்லிசையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சரி, 1955ல் படிப்பு முடிந்தது. அடுத்து என்ன? ஜெர்மனியின் ஓபரா அமைப்பைக் கொஞ்சம் விளக்கினால்தான் இது புரியும்.

அந்த நாடு பல நூற்றாண்டுகள் தனித்தனி ராஜ்ஜியங்களாகவும் சிற்றரசுகளாகவும் இருந்தது. ஒவ்வோர் அரசனுக்கும் தன் தலைநகரில் ஒரு நாடக அரங்கு வேண்டியிருந்தது. அரசர்கள் போனார்கள், அரங்குகள் மிஞ்சின. நகராட்சியும் மாநில அரசும் அவற்றைத் தத்தெடுத்தன. அதனால்தான் இன்றும் ஓபரா நடத்தும் அரசு நிதி பெற்ற அரங்குகள் ஜெர்மனியில் சுமார் 80 இருக்கின்றன. பல நாடுகளில் தலைநகரில் ஒன்றோ இரண்டோதான். இந்த அரங்குகள் ஒரே ஓபராவை மாதக்கணக்கில் ஓட்டுவதில்லை. இன்று மோட்சார்ட் என்றால் நாளை வேர்டி, மறுநாள் வாக்னர். இதற்குத் தங்களுக்கென்று ஒரு பாடகர் அணியை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொருவரும் இன்ன வகைக் குரல் என்று ஒப்பந்தத்திலேயே வகுத்துவிடுவார்கள். மென்மையான காதலன் வேடங்களுக்கு ஒரு டெனர், வாக்னரின் வீரர்களுக்குக் கனத்த டெனர், சிரிப்பு வேடங்களுக்கு இன்னொருவர், இப்படி. ஒருவர் தன் வகையில் வரும் வேடங்களையெல்லாம் பாட வேண்டும், சின்னது பெரியது பார்க்கக் கூடாது. ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அதே அணியிலுள்ள இன்னொருவர் அன்று மாலையே மேடையேறத் தயாராக இருக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சம்பளம் வருகிறது, வாடகை கட்ட முடிகிறது. பெரிய வேடத்தில் தோற்றாலும் வேலை போகாது. எதிரே நின்று பாடுகிற மூத்தவர்களை வாரத்துக்கு நாலு நாள் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

வுண்டர்லிஷை ஸ்டுட்கார்ட் அரங்கு எடுத்துக்கொண்டது. இசை இயக்குநர் ஃபெர்டினாண்ட் லைட்னர். வாக்னரின் பேரன் வீலாண்ட் வாக்னர் அடிக்கடி வந்து இயக்கியதால் 'குளிர்கால பைராய்ட்' என்று பெயர் வாங்கியிருந்த அரங்கு அது (பைராய்ட் என்பது கோடையில் வாக்னர் ஓபரா விழா நடக்கும் ஊர்). முதலில் கிடைத்தது வாக்னரின் 'மைஸ்டர்ஸிங்கர்' ஓபராவில் ஐஸ்லிங்கர் என்ற வேடம். கூட்டத்தோடு நின்று சில வரிகள் பாடுகிற சிறு வேடம்தான். பிறகு ஒருநாள், அந்த அரங்கின் முன்னணி டெனர் யோசெஃப் டிராக்ஸெலுக்கு உடம்பு சரியில்லாமல் போக, தமீனோவாகப் பாடும் வாய்ப்பு வந்தது. கல்லூரியில் பாடிய அதே வேடம். அந்த ஓர் இரவோடு அவர் நிலைமை மாறியது. அதே அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ப் வாசித்த ஏஃபாவை 1956ல் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்.

ஸ்டுட்கார்ட் அவரை மோட்சார்ட்டோடு நிறுத்திவிடவில்லை. 1959ல் கார்ல் ஓர்ஃப் எழுதிய 'கொடுங்கோலன் ஈடிபஸ்' அங்கே முதன்முதலாக மேடையேறியபோது பார்வையற்ற தீர்க்கதரிசி டிரேசியஸாகப் பாடியவர் அவர்தான். மெலடியே அதிகம் இல்லாத, தாள வாத்தியங்கள் முழங்குகிற, கடினமான படைப்பு. இனிமையாகப் பாடத்தான் தெரியும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பதிவைத் தேடிக் கேட்க வேண்டும்.

அதே 1959ன் கோடையில் சால்ஸ்பர்க் விழாவில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'பேசாத பெண்' ஓபராவில் பாடினார். அந்த ஓபராவுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. அதன் உரையை எழுதியவர் ஸ்டெஃபான் ஸ்வைக், யூதர். 1935ல் ட்ரெஸ்டனில் அரங்கேறிய அந்த ஓபரா, சில காட்சிகளுக்குப் பிறகு நாஜிகளால் நிறுத்தப்பட்டது. அன்று அரங்கேற்றத்தை நடத்தியவர் கார்ல் போம். ஆட்சியோடு ஒத்துப்போய்த் தன் பதவிகளைக் காத்துக்கொண்டவர் அவர். 24 வருடம் கழித்து சால்ஸ்பர்கில் அதை நடத்தியவரும் அதே போம்தான். காதலன் ஹென்றியாகப் பாடிய இளைஞனின் அப்பாவை நாஜிகளின் நெருக்கடி சாவை நோக்கித் தள்ளியதும் 1935லேயே. இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களோ என்னவோ. அந்தப் பதிவு இருக்கிறது. உற்சாகமான, துள்ளலான பாட்டு. அதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த வருடம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் கொஞ்ச காலம், 1960லிருந்து மியூனிக், 1962லிருந்து வியன்னாவும் சேர்ந்துகொண்டது. மியூனிக்கில் பாரிடோன், அதாவது நடு ஸ்தாயி ஆண் குரல், பாடகர் ஹெர்மன் பிரைய் நெருங்கிய நண்பரானார். 1959 டிசம்பரில் மியூனிக்கிலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ரொஸீனியின் 'செவிய்யா நகரத்து நாவிதன்' இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. பிரைய் நாவிதன், வுண்டர்லிஷ் கோமகன். இரண்டு இளைஞர்களும் மேடையில் அடிக்கிற கூத்தைப் பார்த்தால், இவர்கள் கஷ்டமான எதையும் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றாது.

இத்தாலிய ஓபராவான அதை அவர்கள் ஜெர்மன் மொழியில் பாடுகிறார்கள். இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஜெர்மன் அரங்குகளில் வேர்டியும் புச்சீனியும் சைக்காவ்ஸ்கியும் மொழிபெயர்ப்பில்தான் ஒலித்தார்கள். வந்திருக்கிற மக்களுக்குக் கதை புரிய வேண்டும் என்பது நியாயமான எண்ணம்தான். மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பை ஓடவிடும் பலகை வருவதற்கு ரொம்ப காலம் முந்தைய பழக்கம் அது. அவருடைய பதிவுகளில் பெரும்பகுதி ஜெர்மனில் இருப்பதற்கும், உயிரோடிருந்தபோது வெளிநாடுகளில் அவர் புகழ் மெதுவாகவே பரவியதற்கும் இது ஒரு காரணம். வேறு நாட்டு ரசிகர்களுக்கு ஜெர்மனில் பாடும் வேர்டி அன்னியமாகத்தான் இருந்தது. காலம் மாறிக்கொண்டிருந்தது. 1965ல் மியூனிக்கில் தெரேசா ஸ்ட்ராட்டாஸோடு 'லா டிராவியாட்டா'வை இத்தாலிய மொழியிலேயே பாடினார், அதன் பதிவும் இருக்கிறது. ஆனால் 'யெவ்கேனி ஒனேகின்' ஓபராவில் சாகப்போகும் கவிஞன் லென்ஸ்கியாக 1962ல் ஜெர்மனில் பாடியதைக் கேட்டவர்கள், ரஷ்ய மொழி இல்லையே என்று குறைபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் குரல் அரங்கில் எப்படி இருந்திருக்கும்? ஓபரா பாடகருக்கு மைக் கிடையாது. எதிரே 60, 70 வாத்தியங்கள். ஆர்கெஸ்ட்ராவின் ஒலிவலிமை 500 ஹெர்ட்ஸ் அளவில் உச்சத்தில் இருந்து, மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் தனியாக ஓர் ஒலித் திரட்சி உண்டாகிறது. தொண்டையின் குழாயை ஒரு குறிப்பிட்ட வடிவில் வைத்துக்கொள்வதால் வருவது அது. ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கிற அந்த இடத்தில் குரல் நுழைந்து வெளியே வந்துவிடுகிறது. நம் காதும் அந்த அதிர்வெண்ணில்தான் கூர்மையாக இருக்கிறது. கத்தாமலே கேட்கும் என்றால் அதன் ரகசியம் இதுதான். பல பாடகர்களிடம் இந்தத் திரட்சி உலோகம்போலக் கூர்மையாக நின்றுவிடும், இனிமை போய்விடும். வுண்டர்லிஷிடம் அது வெல்லப்பாகின் பளபளப்பு மாதிரி, இனிமைக்கு உள்ளேயே இருக்கிறது.

மாலரின் 'பூமியின் பாடல்' இதைச் சோதித்துப் பார்க்கிற படைப்பு. சீனக் கவிதைகளின் ஜெர்மன் வடிவங்களுக்கு இசையமைத்தது. முதல் பாட்டு குடிகாரனின் துயரப் பாட்டு. எடுத்த எடுப்பிலேயே நான்கு ஹார்ன்கள் சேர்ந்து முழங்குகின்றன. முழு ஆர்கெஸ்ட்ராவும் பொங்கிவரும்போது டெனர் அதற்கு மேலே எழ வேண்டும். மூன்று முறை ஒரு பல்லவி வருகிறது: "இருண்டது வாழ்வு, இருண்டது சாவு." ஒவ்வொரு முறையும் அரை ஸ்வரம் உயர்ந்து வருகிறது. பாரமான குரல்காரர்களே திணறுகிற இடம், மென்குரல்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ஓட்டோ கிளெம்பரர் 1964க்கும் 1966க்கும் இடையில் லண்டனில் தவணை தவணையாக இதைப் பதிவு செய்தார். பெண் குரல் கிறிஸ்டா லுட்விக், டெனர் வுண்டர்லிஷ். அந்தத் திறப்பில் ஹார்ன்கள் முழங்கி முடிக்க, அவர் குரல் ஐந்தாவது ஹார்ன் மாதிரி வந்து சேர்கிறது. கூஸெலில் ஹார்ன் ஊதிய பையன் என்பது தெரிந்த பிறகு எனக்கு வேறு மாதிரி கேட்க முடியவில்லை. ஆனால் பல்லவி வரும்போது அந்த முழக்கத்தை அப்படியே இறக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வதுபோல "இருண்டது வாழ்வு" என்கிறார். இந்தப் படைப்புக்கு எத்தனையோ பதிவுகள் வந்துவிட்டன. எனக்கு அந்த முதல் பாட்டுக்கு இன்னும் இதுதான்.

ஓபராவில் வந்த வெற்றி 'லீட்' கச்சேரியில் அவருக்கு உடனே வரவில்லை. லீட் என்பது ஒரே ஒரு பியானோவோடு கவிதைகளைப் பாடும் வகை. வேடம் இல்லை, வெளிச்சம் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. அந்தத் துறையின் அரசராக அப்போது இருந்தவர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ். ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே போய்ப் பொருளைத் திறந்து காட்டுகிறவர். வுண்டர்லிஷ் தன் குறையை உணர்ந்து, ஹூபர்ட் கீஸன் என்ற பியானோ கலைஞரிடம் போனார். சிறுவன் யெஹூதி மெனுஹினுக்கே பக்கவாத்தியம் வாசித்த மூத்தவர் அவர். பல வருடம் அவரோடு உட்கார்ந்து, மாணவன் மாதிரி ஆரம்பத்திலிருந்து படித்தார். உச்சத்தில் இருக்கும் ஓபரா நட்சத்திரம் இப்படிச் செய்வது சாதாரணமல்ல.

அதன் பலன் ஷூமானின் 'கவிஞனின் காதல்' பதிவு. ஹைனேயின் கவிதைகள், 16 பாட்டுகள். முதல் பாட்டு மே மாதத்தில் மொட்டுகள் வெடிப்பதைப் பற்றியது. அது முடிவதே இல்லை. பியானோ ஆதார ஸ்ருதிக்குத் திரும்பாமல், கேள்விபோல அந்தரத்தில் நின்றுவிடுகிறது. ஃபிஷர்-டீஸ்காவ் பாடினால் இவனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று அந்தப் பாட்டிலேயே தெரிந்துவிடும். வுண்டர்லிஷ் பாடும் இளைஞனுக்கு எதுவும் தெரியாது. தன் காதலை அவளிடம் சொல்லிவிட்டான், அவ்வளவுதான் அவன் உலகம். ஏழாவது பாட்டு வரும்போது நமக்குத்தான் நெஞ்சு கனக்கிறது. அறிவு கம்மி என்று சிலர் இதைக் குறை சொன்னதுண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாததுபோலப் பாடுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் நமக்குக் கேட்கக் கிடைப்பதற்கு இசைத்தட்டு நிறுவனங்கள் மட்டும் காரணமல்ல. போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் வட்டாரத்துக்கு ஒன்றாகப் பொது ஒலிபரப்பு நிலையங்கள் அமைந்தன. ஸ்டுட்கார்ட், மியூனிக், கொலோன் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த ஆர்கெஸ்ட்ரா, சொந்தப் பாடகர் குழு. ஒலிபரப்பும் நேரத்தை நிரப்ப ஓபராப் பகுதிகளையும், ஓபரெட்டா என்கிற லேசான இசை நாடகங்களையும் நாட்டுப்புறப் பாட்டுகளையும் காந்த நாடாவில் பதிந்து தள்ளினார்கள். அந்தக் காந்த நாடாவும் 1930களில் அவருடைய ஃபால்ஸ் பகுதியிலேயே, லுட்விக்ஸ்ஹாஃபன் தொழிற்சாலையில், உற்பத்தி ஆனதுதான். சம்பளக்காரப் பாடகருக்கு இது நல்ல உபரி வருமானம். நடன மண்டபத்தில் வளர்ந்தவருக்கு எந்தப் பாட்டையும் கேவலமாக நினைக்கத் தெரியாது. கூப்பிட்டால் போய்ப் பாடினார். பாகின் 'கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ'வுக்குக் கொடுக்கிற அதே கவனத்தை ஒரு குடிப் பாட்டுக்கும் கொடுத்தார். 11 வருடத்தில் இத்தனை பதிவு குவிந்தது அப்படித்தான்.

1966 கோடை. ஷூபர்ட்டின் 'அழகிய மில்காரன் மகள்' தொகுப்பைக் கீஸனோடு பதிவு செய்து முடித்தார். செப்டம்பர் 4 அன்று எடின்பரோவில் கச்சேரி. அக்டோபரில் நியூயார்க் மெட்ரொபாலிட்டன் ஓபராவில் 'டோன் ஜோவான்னி'யில் முதன்முதலாகப் பாடவிருந்தார். இடையில் சில நாள் ஓய்வு. வேட்டையில் அவருக்கு விருப்பம் அதிகம். ஓபர்டெர்டிங்கன் என்ற ஊரில் நண்பரின் வேட்டை விடுதிக்குப் போனார். அங்கே கல் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டது. ஹைடல்பெர்க் மருத்துவமனையில் செப்டம்பர் 17 அன்று இறந்தார். நியூயார்க்கில் மெட்ரொபாலிட்டன் ஓபராவின் புதிய அரங்கு அதற்கு முந்தைய நாள்தான் திறந்திருந்தது. மியூனிக்கில் அவரை அடக்கம் செய்தார்கள். கூஸெலில் இன்று அவர் பெயரில் ஒரு மண்டபம் இருக்கிறது.

அவர் இறந்தபோது ஒரு பதிவு பாதியில் நின்றுபோயிருந்தது. கராயன் நடத்திய ஹைடனின் 'படைப்பு'. அதில் ஊரியேல் என்ற தேவதூதனின் பாட்டுகளை அவர் பாடி முடித்துவிட்டார். பாட்டுகளுக்கு இடையில் கதை சொல்கிற வசனப் பகுதிகள் மட்டும் பாக்கி. வேறொரு டெனரை வைத்து எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வசனங்களை மட்டும் வெர்னர் கிரென் என்ற இளம் டெனரைப் பாடவைத்துத் தட்டை முடித்தார்கள். அதனால் அந்தப் பதிவில் ஒரே தேவதூதனுக்கு இரண்டு குரல்கள். இரண்டாம் பகுதியில் ஓர் இடம். இறைவன் தன் சாயலில் மனிதனைப் படைத்தான் என்று கிரென் சொல்லி முடிக்கிறார். சில நொடிகள் வாத்தியங்கள் மட்டும். பிறகு, அந்த மனிதன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கிறான் என்று வுண்டர்லிஷ் பாட ஆரம்பிக்கிறார்.